உலகம் சுத்துற டிக்கெட்ல கோட்ஷேர் ஃபிளைட் போடலாமா? அப்பா அம்மாவுக்காக கேக்கேன்

பாளை_தெக்குபஜார்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ரிட்டையர் ஆயிட்டாவ, அம்மாவுக்கு முட்டுவலி இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கு, நடமாட முடியும்போதே ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்க சொந்தபந்தத்த எல்லாம் பாத்துட்டு வந்துரணும்னு எனக்கு ஒரே நெனப்பா இருக்கு. அக்கா லண்டன்ல இருக்கா, சித்தப்பா அமெரிக்காவுல டல்ஸாங்கிற ஊர்ல இருக்காவ, டல்லாஸ்ல எறங்கி இன்னொரு ஃபிளைட் ஏறணும், தாய்மாமா மெல்போர்ன்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் போயிட்டு ஊருக்கு திரும்பி வந்து மறுபடி கெளம்புறதுன்னா அம்மாவால ஆவாது, துட்டும் எக்கச்சக்கமா ஆகுது.

அப்பதான் இந்த ரவுண்ட் தி வேர்ல்ட் டிக்கெட் பத்தி படிச்சேன். ஒரே திசையில சுத்தி வந்து கெளம்புன நாட்டுலயே முடிக்கணும், அட்லாண்டிக் ஒரு தடவ பசிபிக் ஒரு தடவ தாண்டணும், ஒரு வருஷம் வரைக்கும் செல்லும், இது வரைக்கும் புரியுது. பல ஏர்லைன் சேந்து வச்சிருக்க ஒன்வேர்ல்ட்ங்கிற கூட்டணி (அலையன்ஸ்) சைட்ல ரூட் போட்டு பாத்துட்டு இருக்கேன். மதுரை, கொழும்பு, லண்டன், டல்லாஸ், டல்ஸா, திரும்ப டல்லாஸ், சிட்னி, மெல்போர்ன், கொழும்பு, மதுரை.

கொழப்பம் எங்கன்னா இந்த கோட்ஷேர்லதான். லண்டன்ல இருந்து டல்லாஸுக்கு ஒரே நேரத்துல கெளம்புற ஃபிளைட்டுக்கு பிஏ (பிரிட்டிஷ் ஏர்வேஸ்) நம்பர், ஏஏ (அமெரிக்கன் ஏர்லைன்ஸ்) நம்பர், ஐபீரியா நம்பர்னு வரிசையா வருது, எல்லாம் ஒரே விமானம்தானான்னே மொதல்ல வெளங்கல. டல்ஸா ஃபிளைட்டுக்கு கீழ என்வாய் ஏர்னு போட்டிருக்கு, அப்பிடி ஒரு கம்பெனி அலையன்ஸ் லிஸ்ட்லயே இல்ல. மெல்போர்ன்ல இருந்து திரும்பி வர்றதுக்கு தேடுனா மேல க்வாண்டாஸ் நம்பர், கீழ எமிரேட்ஸ்னு இருக்கு. இது போக தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட் நம்ம வீட்டுல இருந்து பக்கம்லா, புது டெர்மினலும் தொறந்துட்டாவ, அங்கயே ஏத்தி விட்டுட்டா மதுரை வரைக்கும் கார்ல போக வேண்டாமேன்னு இண்டிகோவையும் இதே டிக்கெட்ல சேக்க முடியுமான்னு ஒரு ஆசை.

ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸ்ல கேட்டேன், கோட்ஷேர்னா எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எத போட்டாலும் ஏத்துக்கிடும்னு சொல்லுதாவ. அத நம்பி இவ்வளவு துட்ட போட மனசு வரல. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேசத்தான் தயங்குவாவ, அம்மாவுக்கு தமிழ் மட்டும்தான். நடுவுல ஏதாவது ஒரு ஏர்போர்ட்ல உங்க டிக்கெட் இங்க செல்லாதுன்னு சொல்லிட்டா என்ன செய்வாவன்னு நெனச்சாலே எனக்கு பக்குன்னு இருக்கு. வெவரம் தெரிஞ்சவிய கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

---

செங்கோட்டை_பாசஞ்சர்:

தம்பி, எல்லாம் ஒண்ணு இல்ல. நான் ரொம்ப காலம் டிக்கெட்டிங்ல இருந்தவன், இத பொறுமையா வாசிங்க.

ஒரு ஃபிளைட்டுக்கு ரெண்டு கம்பெனி சம்பந்தம் இருக்கும். சீட்ட தன் நம்பர் போட்டு விக்கிற கம்பெனி ஒண்ணு, நெசமாவே விமானத்தையும் பைலட்டையும் வச்சு ஓட்டுற கம்பெனி ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா சாதா ஃபிளைட், வேற வேற ஆளா இருந்தா அதுதான் கோட்ஷேர். முன்னால குருவாயூர் எக்ஸ்பிரஸ்ல தூத்துக்குடி பெட்டி சேந்து வரும்லா, டிக்கெட்ல வேற நம்பர் இருக்கும், ஆனா மணியாச்சில கழட்டுற வரைக்கும் இழுத்துட்டு வர்ற இஞ்சின் ஒண்ணுதான், அந்த மாதிரி வச்சுக்கிடுங்க.

சாதாரண டிக்கெட்ல இது பெரிய விஷயம் இல்ல. ரவுண்ட் தி வேர்ல்ட் டிக்கெட்லதான் இது தல போற விஷயம், ஏன்னா அந்த டிக்கெட்ட அலையன்ஸ் மெம்பர்கள் தங்களுக்குள்ள வருமானத்த பங்கு போட்டுக்கிடுற கணக்குல போட்டிருக்காவ. வெளி ஆள் ஓட்டுற விமானத்துக்கு அந்த கணக்குல எடம் கெடயாது. அதனால விக்கிற நம்பரும் மெம்பரோடதா இருக்கணும், ஓட்டுற கம்பெனியும் மெம்பரா இருக்கணும். விதிவிலக்கு இருந்தா அத ஃபேர் ரூல்ஸ்லயே, அதாவது டிக்கெட்டோட விதிமுறையிலயே, பேர் சொல்லி எழுதியிருப்பாவ, அங்க பேர் இல்லன்னா கெடயாதுன்னு வச்சுக்கிடுங்க. நீங்க நம்பர பாக்காதீங்க, அதுக்கு கீழ பொடி எழுத்துல ஓட்டுறது யாருன்னு போட்டிருக்கும்லா, அத பாருங்க. இத மட்டும் புடிச்சுக்கிட்டா நீங்க கேட்டதுல முக்காவாசிக்கு பதில் வந்துரும்.

மெல்போர்ன்ல பாத்த க்வாண்டாஸ் நம்பர் எமிரேட்ஸ் ஃபிளைட்: வேண்டாம். அந்த ரெண்டு கம்பெனியும் 2013ல இருந்து கூட்டு வச்சிருக்காவ, எமிரேட்ஸ் விமானத்துல க்யூஎஃப் (க்வாண்டாஸ்) நம்பர் ஏகப்பட்டது ஓடும், ஆனா எமிரேட்ஸ் எந்த அலையன்ஸ்லயும் இல்ல. க்வாண்டாஸ் ஒன்வேர்ல்ட ஆரம்பிச்ச கம்பெனிகள்ல ஒண்ணு, அத நம்பி நெறைய பேரு இதுல போய் மாட்டுவாவ. உங்களுக்கு அது தேவையும் இல்ல, மெல்போர்ன்ல இருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் நேரடியா ஓட்டுதாவ, அவிய 2014 மே மாசத்துல இருந்து ஒன்வேர்ல்ட் மெம்பர். நம்ம தெக்கத்தி சனத்துக்கு இத விட வசதியான வழி கெடயாது, மதுரையில ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு, அங்க இருந்து லண்டனுக்கும் அவியளே ஓட்டுதாவ. போறதும் வர்றதும் ஒரே கம்பெனியோட சொந்த விமானம், கோட்ஷேர்ங்கிற பேச்சே அந்த பக்கம் வராது.

இண்டிகோ எந்த அலையன்ஸ்லயும் இல்ல. கத்தார் ஏர்வேஸ், க்வாண்டாஸ் மாதிரி ஒன்வேர்ல்ட் ஆட்களே இண்டிகோ விமானத்துல தங்க நம்பர போட்டு விப்பாவ, அத பாத்து ஏமாந்துராதீங்க. ஓட்டுறது இண்டிகோன்னா இந்த டிக்கெட்ல சேராது. வாகைக்குளத்துல இருந்துதான் போகணும்னா சென்னை வரைக்கும் தனி டிக்கெட் எடுக்கணும். அந்த ஃபிளைட் லேட்டாகி அடுத்தத விட்டுட்டா பொறுப்பேத்துக்க யாரும் இல்ல, பெட்டியையும் சென்னையில எடுத்து மறுபடி போடணும். முட்டுவலி இருக்கவியள மதுரை நாலுவழிச்சாலையில கார்ல கூட்டிட்டு போறதே மேல்.

என்வாய் ஏர் விஷயத்துல பயப்பட வேண்டாம். அது அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சொந்த கம்பெனி, அமெரிக்கன் ஈகிள்ங்கிற பேர்ல சின்ன ஊருக்கு ஓட்டுது. இப்பிடி மெம்பரோட துணை கம்பெனிகள அஃபிலியேட்னு சேத்துக்கிடுதாவ. பிராந்திய ஃபிளைட்ல இப்பிடி வேற பேரு வந்தா "அமெரிக்கன் ஈகிளாக"ங்கிற வார்த்தை பக்கத்துல இருக்கான்னு பாருங்க, இருந்தா சரி. ஆனா ஜெட்ஸ்டார் அப்பிடி இல்ல கேட்டிய்யளா, அதுவும் க்வாண்டாஸோடதுதான், இருந்தும் ஒன்வேர்ல்ட் மெம்பர் கெடயாது. சிட்னி மெல்போர்னுக்கு க்வாண்டாஸே நாள் பூரா ஓட்டுது, அதையே போடுங்க.

லண்டன் டல்லாஸுக்கு வரிசையா வந்த நம்பர் எல்லாம் ஒரே விமானம்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன், ஐபீரியா மூணும் 2010ல இருந்து அட்லாண்டிக்குல கூட்டு வியாபாரம் பண்ணுதாவ, அதனால ஒருத்தர் விமானத்துல இன்னொருத்தர் நம்பர் இருக்கும். ஓட்டுறது மெம்பர்ங்கிறதால எந்த நம்பர்ல போட்டாலும் விதிப்படி சரிதான். ஆனாலும் என் பேச்ச கேட்டா, ஓட்டுறவன் நம்பர்லயே போடுங்க. பிஏ ஓட்டுனா பிஏ நம்பர், ஏஏ ஓட்டுனா ஏஏ நம்பர். பின்னால நேரம் மாறுனாலோ கேன்சல் ஆனாலோ ஒரே எடத்துல பேசி முடிச்சிரலாம்.

எப்ப மாத்தி போடணும்னா, சீட்டு இல்லன்னு வரும்போது மட்டும். சீட்ட வெலை வாரியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து வச்சிருப்பாவ, எகானமிக்கு இந்த டிக்கெட் எல் கிளாஸ்லதான் புக் ஆகும், பிசினஸ்னா டி கிளாஸ். விமானத்துல சீட்டு காலியா இருந்தாலும் எல் கிளாஸ் மூடியிருந்தா உங்களுக்கு கெடைக்காது. ஓட்டுறவன் நம்பர்ல எல் மூடியிருக்கும், அதே விமானத்துல கூட்டாளி நம்பர்ல எல் தொறந்திருக்கும், ஏன்னா ரெண்டு பேரோட சீட்டு கணக்கும் அவிய ஒப்பந்தப்படி வேற வேற. அப்ப கூட்டாளி நம்பர்ல எடுக்கலாம், தப்பில்ல. கோட்ஷேர்னால நமக்கு கெடைக்கிற ஒரே லாபம் இதுதான்.

செக்மெண்ட் கணக்கு (ஒரு ஃபிளைட்னா ஒரு செக்மெண்ட்) உங்களுக்கு பிரச்சினை இல்ல. மொத்தம் 16 வரைக்கும் விடுவாவ, ஒரு கண்டத்துக்குள்ள 4, வட அமெரிக்காவுல மட்டும் 6. உங்களுது 9 தான் வருது. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம்னு நாலு கண்டம், அதுக்கான வெலைதான் போடுவாவ.

---

கடையநல்லூரான்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. மதுரை கொழும்பு பத்தி மட்டும் நான் ஒண்ணு சொல்லுதேன். இந்த டிக்கெட்டோட வெல கெளம்புற நாட்ட வச்சு மாறும். கொழும்புல இருந்து ஆரம்பிச்சா எவ்வளவு, மதுரையில இருந்து ஆரம்பிச்சா எவ்வளவுன்னு ரெண்டையும் போட்டு பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்காது. கொழும்பு கொறைவா வந்தா அங்க ஆரம்பிச்சு அங்கயே முடிச்சிட்டு, மதுரை கொழும்பு போக வர தனி டிக்கெட் எடுத்துக்கிடலாம், அதையும் ஸ்ரீலங்கன்லயே எடுத்தா ரெண்டு டிக்கெட்டையும் காட்டி பெட்டிய லண்டன் வரைக்கும் போட முடியுமான்னு மதுரை கவுண்டர்ல கேக்கலாம். ஆனா ரெண்டு டிக்கெட்டுங்கிறதால ஒரு நாள் முன்னாடியே கொழும்பு போயி தங்கிக்கிடுறது நல்லது. வயசானவியளுக்கு அந்த ஓய்வும் வேணும்.

பழைய குறிப்ப எல்லாம் வாசிச்சு பிளான் போடாதீங்க மக்கா. நான் தென் அமெரிக்காவையும் சேக்கலாம்னு பாத்தப்போ பழைய பக்கம் எல்லாத்துலயும் லத்தாம் இருக்கு, ஆனா அவிய 2020 மே மாசமே ஒன்வேர்ல்ட விட்டு போயிட்டாவ. அமெரிக்கன் நம்பர் போட்டு பிரேசில்ல கோல் கம்பெனி விமானமும் வருது, அதுவும் மெம்பர் இல்ல. மாட்ரிட் வழியா ஐபீரியா, மியாமி வழியா அமெரிக்கன் மாதிரி மெம்பரே ஓட்டுற வழியா பாத்துக்கிடணும்.

---

பாளை_தெக்குபஜார்:

அண்ணாச்சி, ரொம்ப பெரிய உதவி. வாகைக்குளம் ஆசைய விட்டுட்டேன், மதுரைதான்.

இன்னும் ஒரு சந்தேகம். டல்லாஸ்ல இருந்து சிட்னிக்கு ரெண்டு விதமா காட்டுது. க்வாண்டாஸ் நேரடியா ஓட்டுறது ஒண்ணு, அதுலயே ஏஏ நம்பரும் இருக்கு. இன்னொண்ணு லாஸ் ஏஞ்சலஸ் போயி அங்க இருந்து அமெரிக்கன் ஓட்டுறது, அதுலயும் க்யூஎஃப் நம்பர் இருக்கு. எல் கிளாஸ் ஒரு தேதியில ஏஏ நம்பர்ல மட்டும்தான் தொறந்திருக்கு. அப்ப நேரடி ஃபிளைட்ல ஏஏ நம்பர போட்டா அம்மாவுக்கு சக்கர நாற்காலி யார்கிட்ட சொல்லணும், சாப்பாடு யார்கிட்ட சொல்லணும், பெட்டி எத்தன கிலோ, எந்த கவுண்டர்ல நிக்கணும்? இதெல்லாம்தான் எனக்கு பயமே.

---

குறுக்குத்துறை_பொண்ணு:

தம்பி நான் வெளிநாட்டுல ஒரு ஏர்போர்ட்ல செக்இன் கவுண்டர்ல வேல பாக்கேன், ஊரு குறுக்குத்துறை. நீங்க கேட்ட நாலுமே தெனமும் நான் பாக்கிற விஷயம்.

எந்த கவுண்டர்: ஓட்டுறவிய கவுண்டர். டிக்கெட்ல ஏஏன்னு இருந்தாலும் ஓட்டுறது க்வாண்டாஸ்னா க்வாண்டாஸ் கவுண்டர்தான். பெரிய ஏர்போர்ட்ல ரெண்டும் வேற வேற டெர்மினல்ல இருக்கும். ஹீத்ரோல பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் 5ஆம் டெர்மினல், கொஞ்சம் 3ல, அமெரிக்கன் பெரும்பாலும் 3. பிஏ நம்பர பாத்துட்டு 5க்கு போயி எறங்கி, ஓட்டுறது அமெரிக்கன் 3லன்னு தெரிஞ்சு மறுபடி ரயில் ஏறி ஓடுறவிய நெறைய பேரு. அக்காகிட்ட மொத நாளே டெர்மினல் நம்பர பாத்து வச்சுக்க சொல்லுங்க.

பிஎன்ஆர் விஷயம் ரொம்ப முக்கியம். டிக்கெட் போட்டவுடனே உங்களுக்கு ஒரு பிஎன்ஆர் குடுப்பாவ. ஆனா ஒவ்வொரு ஏர்லைனும் அவிய சிஸ்டத்துல தனி பிஎன்ஆர் வச்சிருப்பாவ. அமெரிக்கன் ஒரு சிஸ்டம், க்வாண்டாஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வேற சிஸ்டம். டிக்கெட் போட்ட எடத்துல "ஓட்டுற ஒவ்வொரு ஏர்லைனோட பிஎன்ஆரும் வேணும்"னு கேட்டு வாங்கி, அத அந்தந்த ஏர்லைன் வெப்சைட்ல போட்டு பாருங்க. ஃபிளைட் தெரியணும், அதோட டிக்கெட் நம்பரும் தெரியணும். 13 இலக்க நம்பர், மொத மூணும் டிக்கெட் போட்ட கம்பெனிய காட்டும், ஸ்ரீலங்கன்னா 603, பிரிட்டிஷ் ஏர்வேஸ்னா 125, அமெரிக்கன்னா 001, க்வாண்டாஸ்னா 081. ஃபிளைட் மட்டும் தெரிஞ்சு டிக்கெட் நம்பர் தெரியலன்னா சும்மா விட்றாதீங்க, உடனே போன் பண்ணுங்க.

ஏன் இவ்வளவு சொல்லுதேன்னா, கவுண்டர்ல நான் பாத்து மனசு கஷ்டப்படுறது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். புக்கிங் இருக்கும், டிக்கெட் அதோட சேந்திருக்காது. நடுவுல ஓட்டுறவன் நேரத்த கொஞ்சம் மாத்தியிருப்பான், அந்த செய்தி வித்தவன் சிஸ்டத்துக்கு போயி, அங்க இருந்து டிக்கெட்ட புது நேரத்துக்கு மாத்தி போடணும், அத யாரும் போடாம விட்டிருப்பாவ. ஃபிளைட் லிஸ்ட்ல பேரு இருக்கு, டிக்கெட் பழைய ஃபிளைட்டுக்கு இருக்கு, எங்களால போர்டிங் பாஸ் குடுக்க முடியாது. வயசானவிய ஒண்ணும் புரியாம நிப்பாவ. ரவுண்ட் தி வேர்ல்ட் டிக்கெட்ல தேதி முன்ன பின்ன மாறிட்டே இருக்கும்ங்கிறதால இது சாதா டிக்கெட்ட விட ஜாஸ்தி நடக்கும். நேரம் மாறுச்சுன்னு மெயில் வந்தா "சரி" பட்டன அமுக்குறதோட விடாம, டிக்கெட் ரீஇஷ்யூ ஆயிட்டான்னு டிக்கெட் போட்ட கம்பெனிகிட்ட கேளுங்க. டிக்கெட் போட்ட கம்பெனி. ஓட்டுறவன்கிட்ட இத கேட்டா அவன் கையில ஒண்ணும் இல்ல.

சக்கர நாற்காலி: டிக்கெட் போடும்போதே சொல்லுங்க, ஆனா அதோட விடாதீங்க. கோட்ஷேர்ல இந்த மாதிரி குறிப்பு ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு போகாம நின்னுரும். அதனால ஓட்டுற ஒவ்வொரு ஏர்லைனுக்கும் போன் போட்டு தனியா உறுதி பண்ணுங்க. அம்மாவால படி ஏற முடியுமா முடியாதான்னு கேப்பாவ. ஏறுவாவ, ரொம்ப தூரம்தான் நடக்க முடியாதுன்னா டபிள்யூசிஹெச்ஆர், படி ஏறவே முடியாதுன்னா டபிள்யூசிஹெச்எஸ். முட்டுவலின்னா ரெண்டாவதுதான் நல்லது, சின்ன விமானத்துல வெளிய படிக்கட்டு வச்சிருந்தா தூக்கி விடுற வண்டி கொண்டாருவாவ. டல்ஸா ஃபிளைட்டுக்கு இத கண்டிப்பா சொல்லுங்க. சக்கர நாற்காலிக்கு இன்னொரு நன்ம உண்டு, தள்ளிட்டு வர்றவியளே இமிகிரேஷன்ல இருந்து அடுத்த கேட் வரைக்கும் கூட்டிட்டு போயிருவாவ, அப்பாவும் கூடவே போகலாம், மொழி தெரியலங்கிற கவல பாதி போயிரும்.

சாப்பாடும் அதே கதைதான், சைவம்னா ஏவிஎம்எல்னு போட சொல்லுங்க, ஓட்டுறவிய சிஸ்டத்துல பதிஞ்சிருக்கான்னு பாருங்க. அமெரிக்காவுக்குள்ள பறக்கும்போது எகானமில சாப்பாட்ட எதிர்பாக்காதீங்க, கையில ஏதாவது கட்டி குடுங்க.

பெட்டி: டிக்கெட் ரசீதுல ஒவ்வொரு செக்மெண்டுக்கும் பக்கத்துல எழுதியிருக்கும். சில கம்பெனி கிலோ கணக்கு, சில கம்பெனி பீஸ் கணக்கு, பீஸ்னா எகானமில ஒரு பெட்டி 23 கிலோ. மொத செக்மெண்டுல 30 கிலோன்னு இருக்குன்னு ஒரே பெட்டியில 30 கிலோவ அடைக்காதீங்க. ரெண்டு பெட்டிக்கு அனுமதி இருந்தா ரெண்டா பிரிச்சு ஒவ்வொண்ணும் 23க்குள்ள வைங்க, எந்த கம்பெனிக்கு போனாலும் வம்பில்ல. சித்தப்பாவுக்கு நார்த்தங்கா ஊறுகா அனுப்புறதா இருந்தா அத பெட்டியில போடுங்க, கைப்பையில எடுத்துட்டாவன்னா செக்யூரிட்டியில தூக்கி போட்டுருவாவ. கருப்பட்டி கூட பரவால்ல, ஆஸ்திரேலியாவுக்கு போகும்போது மட்டும் திங்கிற பொருள் எது இருந்தாலும் கார்டுல எழுதி காட்டிரணும், மறச்சா அபராதம்.

டல்லாஸ் சிட்னி: நேரடியே போடுங்க, ஏஏ நம்பர்ல கெடச்சாலும் பரவால்ல. பதினேழு மணி நேரம் நீளம்தான், ஆனா லாஸ் ஏஞ்சலஸ்ல எறங்கி ராத்திரி நேரத்துல டெர்மினல் மாறி அலையறத விட ஒரே மூச்சுல போயி சேர்றது அம்மாவுக்கு லேசு. நடுநடுவுல எந்திரிச்சு நடக்க சொல்லுங்க.

---

அம்பை_ஆத்தங்கரை:

எல்லாரும் ஒன்வேர்ல்டே சொல்லுதிய. ஸ்டார் அலையன்ஸும் பாக்கலாம்லா? சென்னையில இருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கு, ஏர் இந்தியாவே 2014 ஜூலைல இருந்து ஸ்டார்லதான் இருக்கு, திருவனந்தபுரம் நமக்கு மதுரை தூரம்தான். அங்க கண்ட கணக்கு இல்ல, மைல் கணக்கு, 29,000, 34,000, 39,000னு படிப்படியா.

இன்னொண்ணு, இந்த டிக்கெட்டே வேணுமான்னு யோசிங்க. தனித்தனியா ஒருவழி டிக்கெட் எடுத்தா எந்த கம்பெனியில வேணும்னாலும் ஏறலாம், கோட்ஷேர் தலவலியே இல்ல.

---

செங்கோட்டை_பாசஞ்சர்:

ஸ்டார் நல்ல அலையன்ஸ்தான், ஆனா கோட்ஷேர் பொறி அங்கயும் அப்பிடியேதான். ஏர் இந்தியா நம்பர் போட்டு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓட்டும், எக்ஸ்பிரஸ் ஸ்டார் மெம்பர் இல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நம்பர் போட்டு ஸ்கூட் ஓட்டும், திருச்சி பக்கம் போனா அதுதான் வரும், ஸ்கூட்டும் மெம்பர் இல்ல. நம்ம தென்மாவட்டத்துக்கு பக்கத்துல இருக்க ஏர்போர்ட்ல எல்லாம் இந்த சின்ன கம்பெனிதான் ஜாஸ்தி. அதனாலதான் மதுரையிலயே மெம்பர் விமானம் வந்து நிக்கிற ஸ்ரீலங்கன பெருசா சொல்லுதேன். மைல் கணக்குல லண்டன், டல்லாஸ், மெல்போர்ன்னு போனா எந்த படியில விழுதுன்னு பாத்துட்டுதான் வெலைய ஒப்பிடணும், தரைவழியா போற தூரத்தையும் மைல்ல சேப்பாவ.

ஒருவழி டிக்கெட் பத்தி: எளவட்டம் போறதுன்னா நானே அததான் சொல்லுவேன். வயசானவிய, தேதி மாறலாம், பேரப்பிள்ளைய விட்டுட்டு வர மனசு வராம லண்டன்ல இன்னும் ரெண்டு வாரம் இருக்கேன்னு சொல்லலாம். இந்த டிக்கெட்ல ரூட் மாறாம தேதி மட்டும் மாத்துறதுக்கு தனி டிக்கெட் மாதிரி வெல வித்தியாசம் கேக்க மாட்டாவ, எல் கிளாஸ் தொறந்திருந்தா போதும். ரூட் மாத்துனாதான் கட்டணம். ஒரு ஃபிளைட் கேன்சல் ஆனாலும் மிச்ச பயணம் ஒரே டிக்கெட்ல இருக்கதால அவியளே வேற வழி பண்ணி குடுக்கணும். அந்த பாதுகாப்புக்காகவே பெரியவியளுக்கு இது நல்லது. நீங்க வீட்டுல உக்காந்து நாலு கம்பெனிக்கு போன் போட்டுக்கிட்டு இருக்க வேண்டாம்.

லேட் ஆச்சுன்னா நஷ்டஈடு பத்தியும் ஒரு வார்த்த. லண்டன்ல இருந்து கெளம்புற எந்த கம்பெனி ஃபிளைட்டா இருந்தாலும் அந்த நாட்டு சட்டப்படி கம்பெனி தப்பால ரொம்ப லேட்டானா, டல்லாஸ் தூரத்துக்கு ஆளுக்கு 520 பவுண்டு வரைக்கும் கேக்கலாம். கேக்க வேண்டியது ஓட்டுன கம்பெனிகிட்ட, நம்பர் போட்டு வித்தவன்கிட்ட இல்ல. போர்டிங் பாஸ தூக்கி போட்றாதீங்க.

---

பாளை_தெக்குபஜார்:

ஸ்டார் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், மதுரை கொழும்பு லண்டன்தான் அப்பாவுக்கும் புடிச்சிருக்கு. கொழும்புல இருந்து ஆரம்பிச்சா வெல என்னன்னும் போட்டு பாத்துட்டேன், வித்தியாசம் இருக்கு, ஆனா ரெண்டு டிக்கெட்டா பிரிக்கிறதுக்கு அம்மா ஒத்துக்கல, நடுவுல அந்து போகாம ஒரே டிக்கெட்டா இருக்கட்டும்ங்காவ.

இப்ப போட்டு வச்சிருக்கது: மதுரை கொழும்பு லண்டன் யூஎல் (ஸ்ரீலங்கன்) நம்பர் யூஎல் விமானம். லண்டன் டல்லாஸ் ஏஏ நம்பர் ஏஏ விமானம். டல்ஸா போக வர அமெரிக்கன் ஈகிள். டல்லாஸ் சிட்னி ஏஏ நம்பர் க்வாண்டாஸ் விமானம், இது ஒண்ணுதான் கோட்ஷேர். சிட்னி மெல்போர்ன் க்வாண்டாஸ். மெல்போர்ன் கொழும்பு மதுரை யூஎல். சைட்ல வெலையும் வந்துட்டு. கடைசி செக்மெண்டுக்கு மட்டும் தேதி இன்னும் தொறக்கல, அத எப்பிடி போடுறது?

---

குறுக்குத்துறை_பொண்ணு:

ஏர்லைன்காரவிய கிட்டத்தட்ட 11 மாசத்துக்கு முன்னாடிதான் சீட்ட தொறப்பாவ. இப்போதைக்கு தொறந்திருக்க கடைசி தேதிய போட்டு டிக்கெட் எடுங்க, பொறவு அந்த தேதி தொறந்ததும் போன் பண்ணி மாத்திக்கிடுங்க. மாத்துன அன்னைக்கே டிக்கெட் ரீஇஷ்யூ ஆன மெயில் வரணும், வரலன்னா மறுநாளே கேளுங்க.

டல்லாஸ் சிட்னிக்கு க்வாண்டாஸ் பிஎன்ஆர் வாங்கியாச்சா? வாங்குனதும் அதுல டபிள்யூசிஹெச்எஸும் ஏவிஎம்எல்லும் இருக்கான்னு பாத்துட்டு இங்க ஒரு வரி போடுங்க தம்பி. அப்பாகிட்ட குடுக்க ஒரு தாள்ல ஒவ்வொரு ஃபிளைட்டுக்கும் ஓட்டுற கம்பெனி பேர தமிழ்ல பெருசா எழுதி, பக்கத்துல டெர்மினலும் பிஎன்ஆரும் இங்கிலீஷ்ல எழுதி குடுங்க. அத காட்டுனாலே எந்த ஊர்லயும் எங்கள மாதிரி ஆளுங்க சரியான கவுண்டருக்கு கூட்டிட்டு போயிருவோம்.

---

பாளை_தெக்குபஜார்:

வாங்கிட்டேன் அக்கா. சாப்பாடு ஏறியிருக்கு, சக்கர நாற்காலி ஏறல. நீங்க சொன்ன மாதிரியே நடுவுல நின்னுட்டு. க்வாண்டாஸுக்கு போன் போட்டு இப்ப சேத்தாச்சு, மிச்ச ரெண்டு கம்பெனிக்கும் நாளைக்கு காலையில கூப்பிடுதேன்.